தெளிந்த நாள்

அப்புத்தளையில் ஜனவரிக் கடைசியில்
ஆறு நாளோ ஏழு நாளோ
கடல் தெரியும்.
அந்த நாட்களை நம்பித்தான்
காலை நாலரைக்கே லொட்ஜ் வாசலில் நிற்கிறேன், த்ரீவீலோடு.

இன்றைக்கு வந்தவர் சூரியன் பார்க்க வந்தவரில்லை.
நிலார்தீன், கொழும்புப் பத்திரிகை.
மடியில், துவாயில் சுற்றி
முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ்.

அந்தக் காலத்துத் துரை உட்கார்ந்து
தன் தேயிலையைப் பார்த்த பாறையில்
காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்:
"அம்பாந்தோட்டைக்கு நேர் தெற்கே. பாருங்க."

பார்த்தேன்.
கவாத்து வெட்டிய மலை மாதிரி
மேலே தட்டையாக, சாம்பலில் ஒரு கோடு.

"பதினாலு ஹெலிகொப்டர் நிற்கும்.
விமானந்தாங்கி என்று சொல்லமாட்டாங்க,
சொன்னால் பக்கத்து நாடு கோபிக்கும்.
ஆனால் தளத்தை மட்டும்
ஜெட் இறங்குற கனத்துக்குப் போட்டிருக்காங்க."

தற்காலிகக் குடியிருப்பு என்று பெயர் எழுதிய லயத்தில்
நான் நாற்பது வருஷம் இருக்கிறேன்.
எனக்கு அது விளங்கியது.

எந்த நாடு என்று கேட்டேன். சொன்னார்.
யாரை வெருட்ட என்று கேட்டேன். அதையும் சொன்னார்.
சிரிப்பு வந்துவிட்டது.
முதல் நாடு எங்கள் டிவிஷனுக்குத் தண்ணீர்த் தாங்கி தந்தது,
மற்றது ஸ்கூலுக்கு மேசை கதிரை.
இரண்டிலும் கொடி ஒட்டியிருக்கிறது.
பிள்ளைகள் ஒன்றில் தண்ணீர் குடித்துவிட்டு
மற்றதில் உட்கார்ந்து பூகோளம் படிக்கிறார்கள்.

"இனி எல்லாரும் ஒன்று கட்டுவாங்க.
ஒருத்தன் நீர்மூழ்கி விடுவான், இன்னொருத்தன் அதைத் தேடுவான்,
ரெண்டு பேரும் துறைமுகம் கேப்பாங்க.
நாம நடுவில."

நாம என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றேன்.
இரண்டு நாடுகள் மேசை போட்டு
எங்கள் தலைகளை எண்ணிப் பிரித்தபோது
பெரியப்பா அந்தப் பக்கத் தொகையில் விழுந்தார்,
அப்பா இந்தப் பக்கம்.
பெரியப்பாவும் கப்பலில்தான் போனார்.

நீர்மூழ்கியை எப்படித் தேடுவார்கள்?

"ஹெலிகொப்டர் கடலுக்கு மேல அப்படியே நிற்கும்.
கம்பியில கட்டி ஒரு காதை இறக்குவாங்க.
ராத்திரியிலும். பனிமூட்டத்திலும்.
அறுநூறு அடிக்குக் கீழே மோட்டார் சுத்தினாலும் கேக்கும்."

பனிமூட்டத்திலுமா
என்று திரும்பக் கேட்டேன்.

ஏழாம் லயம் சரிந்த ஐப்பசியில்
தலைக்கு மேலே, வெள்ளைக்குள்,
ஒரு ஹெலிகொப்டர் சத்தம் மூன்று தரம் சுற்றியது.
பிறகு தியத்தலாவைப் பக்கம் போய் மெலிந்தது.
சேற்றில் காதை வைத்துப் படுத்தோம்.
மச்சினன் சிவனுபாண்டி
ஒரு குழாய்த் துண்டை மண்ணுக்குள் இறக்கி
மறுமுனையில் காது வைத்திருந்தான்,
இரண்டு பகல், ஒரு ராத்திரி.
கேக்குது, என்றான் ஒரு தடவை.
தோண்டினோம்.
பைப் உடைந்து தண்ணீர் ஓடிய சத்தம்.

"அனர்த்த நிவாரணத்துக்கும்தான் இந்தக் கப்பல்,
அவங்க அறிக்கையில முதல் பந்தியே அதுதான்"
என்றார் நிலார்தீன், நான் ஒன்றும் சொல்லாமலே.

இரண்டாம் பந்தி?

"அதைத்தான் எழுதப் போறேன்."

ஏழு ஐம்பதுக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறியது.
கடல் போனது, கோடு போனது,
கீழே கோயில் கொடிமரமும் போனது.
நாற்பது படம் எடுத்திருந்தார்.
ஒன்றிலும் ஹெலிகொப்டர் இல்லை.

இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி
நியூட்ரலில் விடுவது என் பழக்கம், பெட்ரோல் விற்கிற விலைக்கு.
"பிரேக் இருக்கா?" என்றார் பின்சீட்டில்.
இருக்கு.

வளைவுக்கு வளைவு
கொழுந்தெடுக்கிறவர்கள் தராசுக்காரனைத் திட்டுவது
தெளிவாகக் கேட்டது.
ஏழாம் லயம் இருந்த இடத்தில் புல்.
அங்கே வந்ததும் பிரேக்கைப் பிடித்து
ஒரு நிமிஷம் நிறுத்துவேன். காரணம் சொல்வதில்லை.

அவர் போனில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.
தலையைத் தூக்காமலே சொன்னார்:
"அந்தக் கப்பலிலிருந்து இந்த இடத்துக்கு
இருபத்திரண்டு நிமிஷம்."